கண்ணம்மை வீட்டுக் கதவில் அடித்த சமன்ஸ்

1. சுத்தியல்

பிஸ்கால் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு மூன்று சாமான்கள் தந்தார்கள். தோளில் மாட்டும் தோற்பை ஒன்று, சின்னச் சுத்தியல் ஒன்று, கடதாசிப் பொட்டலத்தில் கொஞ்சம் ஆணி. பை எதற்கு என்பது விளங்கியது. கோட்டு உத்தியோகத்துக்குச் சுத்தியல் எதற்கு என்பது விளங்கவில்லை. விளங்காத ஒன்றைக் கேட்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தால் நான் ஏச்சு வாங்கியதும் உண்டு, நாலு விஷயம் கற்றுக்கொண்டதும் உண்டு.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பிஸ்கால் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீதவான் மேசையில் இருந்து எழுதுவதை ஊருக்குக் கொண்டுபோவது நாங்கள். கோட்டுக்கு வரச் சொல்லும் சமன்ஸைக் கொடுப்பதும் நாங்கள்தான், கடனுக்குத் தீர்ப்பானால் காணியையும் வீட்டையும் ஏலம் போட அறிவித்தல் ஒட்டுவதும் நாங்கள்தான். அதனால் எங்கள் தலையைத் தோணித்துறையில் கண்டாலே ஊரில் ஒரு கலவரம் இருக்கும்.

பெரிய கிளாக்கரிடம் சுத்தியலைப் பற்றிக் கேட்டேன். அவர் பேனையை வைக்காமலே பதில் சொன்னார்.

“சமன்ஸுக்கு மூண்டு வழி தம்பி. ஆளைக் கண்டா கையில குடு. ஆள் இல்லாட்டி அந்த வீட்டில இரிக்கிற வயசு வந்த ஆம்பிளையிட்டக் குடு. அதுவும் இல்லாட்டி ஆள் குடியிரிக்கிற வீட்டுக் கதவில அடிச்சுப்போட்டு வா. அதுக்குத்தான் சுத்தியல்.”

“பொம்பளைங்க இருந்தா?”

“சட்டத்தில ஆம்பிளை எண்டுதான் கிடக்கு. அதுக்கு மேல உனக்கும் எனக்கும் என்ன வேலை?”

முப்பதுகளின் நடுப்பகுதி அது. நான் கண்டியில் பிறந்தவன். அப்பா அங்கே ஆஸ்பத்திரியில் சிற்றூழியர். மட்டக்களப்பில் நான் வாய் திறந்தால் எல்லோருக்கும் சிரிப்பு, நான் சொல்லுகிற ‘ங்க’வை எண்ணுவதற்கென்றே சிலர் பேச்சுக் கொடுப்பார்கள். அவர்களில் முதல் ஆள் ஆதம்பாவா. ஏறாவூரில் பிறந்தவர், என்னைவிட இரண்டு வருஷம் முந்திச் சேர்ந்த பிஸ்கால் ஆள். கந்தோரில் எனக்கிருந்த ஒரே கூட்டாளியும் அவர்தான்.

2. கதவு

சேர்ந்து இரண்டாம் மாதம் என் கைக்கு வந்த சமன்ஸில் இருந்த பெயர் சாமித்தம்பி. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், பழுகாமத்துக்கு அடுத்த ஒரு சிறிய ஊர். ஊரின் பெயரை விட்டுவிடுகிறேன், அந்தக் குடும்பத்தின் பிள்ளைகள் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறார்கள். வயலில் பன்றிக் காவலுக்குப் பரண் கட்டுவதற்காக அனுமதிச் சீட்டு இல்லாமல் அரசாங்கக் காட்டில் பதினெட்டுக் கம்பு வெட்டினார் என்பது குற்றம். கோட்டுக்கு வந்து ஓம் என்று ஒப்புக்கொண்டால் சின்னத் தண்டத்தோடு அன்று மத்தியானமே வீட்டுக்குப் போகலாம்.

தோணியில் வாவியைக் கடந்து, சமன்ஸில் எழுதியிருந்த வீட்டுக்குப் போனேன். அது சாமித்தம்பியின் தாய் வீடு. முற்றத்தில் ஒரு ஆள் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார். தாய் வெளியே வந்தார்.

“சாமித்தம்பியா? அவன் கலியாணம் முடிச்சிப் போயிற்றான் மனே. இப்ப கண்ணம்மை வீட்டில. அந்தா, புளியமரத்துக்கு அங்கால.”

“இவரு?” என்று வலை பொத்துகிறவரைக் காட்டினேன்.

“இவர் என்ட மகள்ற மாப்பிள.”

மகன் ஏன் மாமியார் வீட்டில் இருக்கிறான், மருமகன் ஏன் இங்கே இருக்கிறான் என்று கேட்டிருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டது, கேட்கவில்லை. என் வாழ்நாளில் கேட்காமல் விட்ட சில கேள்விகளில் இது ஒன்று, ஆனால் மற்ற எல்லாவற்றையும் விட இதற்குத்தான் விலை அதிகம்.

கண்ணம்மைக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மெதடிஸ்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். நான் நீட்டிய கடதாசியைத் தன் கையில் வாங்காமலே, என் கையில் இருக்க முழுவதையும் வாசித்துவிட்டார்.

“பதினெட்டுக் கம்புக்கா இவ்வளவு எழுத்து? அவர் வட்டைக்குப் போயிரிக்கார், வாறதுக்கு மூண்டு நாலு நாள் ஆகும். தா, நான் குடுக்கிறன். எங்க ஒப்பம் வைக்கணும்?”

வட்டை என்பது அந்தப் பக்கத்தில் வயல்வெளி. வெள்ளாமைக் காலத்தில் ஆண்கள் நாட்கணக்கில் அங்கேயே தங்குவார்கள்.

“வயசு வந்த ஆம்பளை யாராச்சும் வீட்ல இருக்காங்களாம்மா?”

“என்ட அவர் காய்ச்சலில மோசம் போய் நாலு வருஷம். நானும் ரெண்டு பொம்பிளப் புள்ளையளும்தான். மூத்தவள் தெய்வானைதான் சாமித்தம்பிட பெஞ்சாதி.”

“அப்ப உங்க கையில குடுக்க முடியாதுங்கம்மா. சட்டத்துல ஆம்பளைன்னு இருக்கு.”

அவர் கதவு நிலையில் கையை வைத்தார்.

“வீடு என்ட. கதவு என்ட. வாசிக்கத் தெரிஞ்சவளும் நான். என்ட கையில தர ஏலாது, என்ட கதவில அடிக்க மட்டும் ஏலுமா?”

இப்படி ஒரு கேள்வி வந்த இடத்தில் ஒரு மனிதன் நிறுத்திக்கொள்ள வேண்டும். நான் பையைத் திறந்து சுத்தியலை எடுத்தேன்.

“கதவில அடியாத மனே,” என்றார் கண்ணம்மை. குரல் இறங்கிவிட்டது. “வேலியில கட்டிற்றுப் போ. கிணத்தடியில மரம் நிக்குது, அதில அடி. கதவில மட்டும் வேணாம்.”

வீட்டில், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் என்பது சட்டம். வேலி வீடு ஆகாது, மரமும் வீடு ஆகாது. நல்ல பாலைமரக் கதவு, ஆணி இறங்க மறுத்தது. மூன்று ஆணி அடித்து முடிப்பதற்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் வேலிக்கு மேலால் தலை நீட்டிவிட்டார்கள். உள்ளே தெய்வானை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது தெரிந்தது. ஏழு மாத வயிறு. தங்கை அவளுக்குப் பின்னால் மறைந்து நின்றாள்.

திரும்பித் தோணியில் வரும்போது எனக்கு மனம் நிறைந்திருந்தது. சட்டத்தில் இருந்து ஒரு எழுத்துக்கூட விலகாமல் வேலை செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். மடையன்.

3. வாறண்டு

வழக்குக்குக் குறித்த தவணை நாளில் சாமித்தம்பியின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். ஆள் இல்லை. என்னைக் கூண்டில் ஏற்றி, சமன்ஸ் கொடுத்தது எப்படி என்று கேட்டார்கள். “எதிரி குடியிருக்கும் வீட்டுக் கதவில் அடித்தேன்” என்று சத்தியம் செய்து சொன்னேன். குற்றம் சாட்டப்பட்டவரைக் கோட்டில் எதிரி என்றுதான் சொல்வது. ஆளைப் பிடித்து வரச் சொல்லி நீதவான் வாறண்டு எழுதினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து ஆளைக் கைவிலங்கோடு கொண்டுவந்தார்கள். தாய் வீட்டில் தேடினோம் இல்லை, பெண்சாதி வீட்டில் தேடினோம் இல்லை, வயல் நடுவில் ஒரு பரணில் ஒளித்திருந்தான் என்று பொலிஸ் சார்ஜன் சொன்னார். நிலையான இருப்பிடம் இல்லாத ஆள், பிணையில் விட்டால் ஓடிவிடுவான் என்றும் சொன்னார். நீதவான் பதினான்கு நாள் விளக்கமறியலில், அதாவது சிறையில், வைக்கச் சொன்னார். அவருக்கு முன்னால் இருந்த கடதாசிகளைப் பார்த்தால் எவரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். அந்தக் கடதாசிகளில் முதலாவது என்னுடையது.

கோட்டு விறாந்தையில் அவரை இருத்தியிருந்தார்கள். இருபத்தைந்து வயது வராது, தாடி வளர்ந்திருந்தது. நான் யாரென்று அவருக்குத் தெரியாது. என் தோற்பையைப் பார்த்துவிட்டு, கோட்டு ஆள் என்று மட்டும் விளங்கிக்கொண்டார்.

“ஐயா, அந்த வீட்டை ஏலம் போடப் போறாங்களா?”

“எந்த வீட்டை?”

“என்ட மாமிட வீட்டை. பிஸ்கால்ல இரிந்து ஆள் வந்து கதவில கடதாசி அடிச்சாங்களாம். எல்லாம் நான் செய்த வேலையாலதானாம். ஊரில கதைக்காங்க.”

கம்பு வெட்டியதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தவணை நாள் ஒன்று இருந்ததே அவருக்குத் தெரியாது. மெல்ல மெல்லக் கேட்டு விஷயத்தை எடுத்தேன். நான் ஆணி அடித்த நாலாம் நாள் காலை அவர் வட்டையில் இருந்து வந்திருக்கிறார். வேலிப் படலைக்கு வெளியே அவருடைய பாயும் பெட்டியும் வைக்கப்பட்டிருந்தன. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார்.

“உள்ளே போய் ஏன்னு கேக்கலையா?”

“வெளிய வச்சாப் பிறகு உள்ளுக்குப் போய்க் கேக்கிறதா? எனக்கும் கொஞ்சம் ரோசம் இரிக்கு ஐயா.”

“அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாமே.”

“அது அக்காட வீடு. அத்தான் இரிக்கார். கலியாணம் முடிச்சவன் அங்க போய்ப் படுத்தா, துரத்திப்போட்டாங்க எண்டு ஊர் முழுக்கச் சொல்றதுக்குச் சரி.”

அதனால் பரணில் கிடந்திருக்கிறார். அந்தப் பதினெட்டுக் கம்பில் கட்டிய பரண்தான்.

4. ஆதம்பாவாவுக்கு வீடு இல்லை

அன்று மத்தியானம் ஆதம்பாவாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

“உன்ட வீடு எங்க?”

“கண்டியில. அப்பா வீடு.”

“என்ட வீடு?”

“காத்தான்குடியில.”

“அது என்ட மாமிட வீடு. ஏறாவூர்ல இரிக்கிறது உம்மாட வீடு. அதுக்குள்ள இப்ப என்ட தங்கச்சிட மாப்பிள இரிக்கான். எனக்கெண்டு ஒரு கிடுகுக் கூரையும் இல்ல. கவுண்மேந்து உத்தியோகம் பாக்கிறன், நிலையான இருப்பிடம் கேட்டா நானும் மறியலுக்குத்தான் போகணும்.”

சிரித்தார். நான் சிரிக்காததைக் கண்டு அவரும் நிறுத்திக்கொண்டார்.

அவர் சொன்னதில் இருந்து எனக்குத் தெரிந்தது இது. அந்தப் பக்கத்தில், இந்து என்றாலும் முஸ்லிம் என்றாலும், வீடு பெண்ணோடு போகும். தாய் மகளுக்குக் கொடுப்பார், மகள் தன் மகளுக்குக் கொடுப்பாள். ஆண் கலியாணம் முடித்து ஒரு வீட்டுக்குள் போவான். ஊரில் ஒருவருக்கும் இது சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. ஆகவே எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சட்டத்துக்கும் ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

“மறுகா, அடுத்தது அந்த ஆணி,” என்றார் ஆதம்பாவா. “பிஸ்கால்காரன் கதவில கடதாசி அடிச்சா ஊரில என்ன அர்த்தம்? வீடு ஏலத்துக்குப் போகுது. சமன்ஸும் அதே சுத்தியல், ஏலமும் அதே சுத்தியல். அவங்க கிட்ட வந்து வாசிச்சா பாப்பாங்க? அந்த மனிசிக்கு இன்னொரு கொமர் இரிக்கு எண்டாய். அந்தப் புள்ளைக்கு மாப்பிள கேட்டு வந்தவங்க என்ன நினைப்பாங்க? மருமகன்ட கரைச்சல் வீட்டில விழுந்திற்று எண்டு நினைப்பாங்க. அவ மருமகனை வெளிய வச்சது கோவத்தில இல்ல. வீட்டைக் காப்பாத்தத்தான்.”

வெட்கம் என்றால் என்னவென்று அன்று எனக்குத் தெரிந்தது. ஒரு மனிதன் மறியலில், ஒரு பெண் நிறை வயிற்றோடு புருஷன் இல்லாமல், ஒரு வீட்டின் பெயர் ஊரில் கெட்டுப்போய்க் கிடக்கிறது. எல்லாம் நான் சரியாகச் செய்த ஒரு வேலையால்.

பெரிய கிளாக்கரிடம் போய், என் றிட்டேனைத் திருத்த வேண்டும் என்றேன். றிட்டேன் என்பது சமன்ஸ் கொடுத்த விதத்தைப் பற்றி நாங்கள் எழுதிக் கொடுக்கும் அறிக்கை.

“என்னத்தைத் திருத்துவாய்? அதில பொய் இரிக்கா?”

“இல்லீங்க.”

“அப்ப விடு. சத்தியம் பண்ணிச் சொன்னதைத் திரும்பத் தோண்டினா உன்ட வேலைதான் போகும்.”

ஆதம்பாவா வேறு வழி சொன்னார். வீடோ காணியோ உள்ள ஒருவர் பிணைக்கு வந்தால் சாமித்தம்பி வெளியே வரலாம். பொலிஸ் சொன்ன ‘இருப்பிடம் இல்லை’ என்ற கதையும் அதோடு அடிபட்டுப்போகும்.

“அவனுக்கு வீடு உள்ள சொந்தம் ஆரு?” என்று கேட்டார்.

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பதில் தெரிந்தது. கண்ணம்மை.

5. வாசித்துக் காட்டியது

சனிக்கிழமை அரை நாள் லீவு. பையும் சுத்தியலும் இல்லாமல் தோணி ஏறினேன். ஊருக்குள் போனபோது, “அந்தா கண்ணம்மை வீட்டை அடிச்சவன் வாறான்” என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னது என் காதில் விழுந்தது.

கண்ணம்மை முற்றத்தில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்தார். இருக்கச் சொல்லவில்லை. சாமித்தம்பி மறியலில் இருக்கிறார் என்று சொன்னேன். கையில் இருந்த சுளகைக் கீழே வைத்தார்.

“மறியலிலயா? பொலிஸ் தேடி வந்தாப் பிறகு கோட்டுக்குப் போய்த் தண்டம் கட்டியிருப்பார் எண்டெல்லவா நினைச்சன். அவருக்குத் தவணை தெரியாதா? ஊர் முழுக்கத் தெரிஞ்ச சங்கதி.”

“ஊருக்குத் தெரிஞ்சது வீடு ஏலம் போகுதுங்கிறதும்மா. அவருக்கும் அதுதான் தெரியும்.”

கண்ணம்மை உள்ளே போய், மடித்து வைத்திருந்த சமன்ஸைக் கொண்டுவந்தார். மூலைகளில் ஆணி போன ஓட்டைகள். அதை என் கையில் தந்தார்.

“படலைக்கு வெளிய போய் நிண்டு இதை வாசி. எல்லாருக்கும் கேக்க வாசி. அடிக்கக்குள்ள எல்லாருக்கும் கேட்டது.”

கோட்டுக் கடதாசியைத் தெருவில் வாசிக்கலாமா கூடாதா என்று எனக்கு எவரும் சொல்லித் தந்ததில்லை. வாசித்தேன். வேலிகளுக்குப் பின்னால் இருந்து ஆட்கள் வந்தார்கள். ஊர்த் தலைவரான விதானையாரும் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பதினெட்டுக் கம்பு என்று வந்த இடத்தில் ஒரு ஆள், “இவ்வளவுதானா?” என்றார்.

“அப்ப வீடு?” என்று ஒரு பெண் கேட்டார்.

“வீட்டுக்கும் கோட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க. கடனும் இல்லை, ஏலமும் இல்லை. கதவுல அடிச்சது என் பிழை. இவங்க கையிலயே குடுத்திருக்கணும்.”

கூட்டம் கலைந்தது. கண்ணம்மையின் முகம் கொஞ்சம் இளகியிருந்தது. அந்த நேரம் பார்த்து, நான் வந்த காரியத்தைச் சொன்னேன். சாமித்தம்பியை வெளியே எடுக்க அவர் பிணை நிற்க வேண்டும், வீட்டு உறுதிப் பத்திரத்தைக் கோட்டில் காட்ட வேண்டும் என்றேன்.

“இப்பதானே மனே, வீட்டுக்கும் கோட்டுக்கும் சம்பந்தமில்ல எண்டு ஊருக்கு முன்னால சொன்னாய்?”

“சொன்னேங்கம்மா.”

“அவர் தவணைக்கு வராட்டி?”

பொய் சொல்லலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. அந்தப் பெண்ணிடம் முடியவில்லை. “பிணைக் காசை உங்ககிட்டக் கேப்பாங்கம்மா. கட்டலைன்னா பிஸ்கால்ல இருந்து வருவாங்க.”

“நீதான் வருவாய்?”

“நானாவும் இருக்கலாம்.”

“இஞ்ச பார். எனக்கு இரிக்கிறது இந்த ஒரு வீடும் இதுக்குப் பின்னால ஒரு துண்டு வளவும். வீடு மூத்தவளுக்கு. வளவில ஒரு குடில் போட்டு இளையவளுக்குக் குடுக்கணும். இது போனா ரெண்டு புள்ளையளும் தெருவில. ஆரோ பெத்த பெடியனுக்காக இதை நான் கொண்டுபோய்க் கோட்டில வைக்கணுமா?”

அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அந்த இடத்தில் என் அம்மா இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்.

அதுவரைக்கும் வாசலில் நின்றுகொண்டிருந்த தெய்வானை வெளியே வந்தாள். அவள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

“அம்மா, எனக்கெண்டு வச்சிரிக்கிற வீடுதானே. அவர் இல்லாத வீட்டை எனக்குத் தந்து நான் என்ன செய்யிற? பாயை வெளிய வைக்கக்குள்ள என்னையக் கேட்டீங்களா? இப்ப நான் கேக்கிறன். போங்க.”

கண்ணம்மை மகளைப் பார்த்தார், மகளின் வயிற்றைப் பார்த்தார். பிறகு குனிந்து நெல்லைக் கூட்டி அள்ளத் தொடங்கினார். போய்விடச் சொல்கிறார் என்று நினைத்து நான் படலை வரைக்கும் போய்விட்டேன்.

“கோடு எத்தனை மணிக்குத் திறக்கும்?” என்று பின்னால் கேட்டது.

6. வந்தவர்கள்

திங்கட்கிழமை கண்ணம்மை வந்தார். உறுதியை ஒரு வெள்ளைச் சீலைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். ஆதம்பாவாவுக்குத் தெரிந்த ஒரு பிறக்கிராசியார், அதாவது வக்கீல், பிணை மனுவை எழுதிக் கொடுத்தார். மனுவோடு சேர்த்து நானும் கூண்டில் ஏறி, நடந்ததைச் சொன்னேன். வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்த இவரிடம் கொடுக்கவில்லை, இவருடைய கதவில் அடித்தேன், அதனால் எதிரிக்குத் தவணை தெரியாமல் போனது என்றேன். பெரிய கிளாக்கர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

நீதவான் இளம் ஆள், தென்பகுதிக்காரர். சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்தப் பிரிவை இரண்டு தரம் வாசித்தார். “ஆக, எல்லோரும் சட்டப்படிதான் செய்திருக்கிறார்கள். ஆள் மட்டும் மறியலில் இருக்கிறார்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு முதலியார் மூலம், கோட்டு மொழிபெயர்ப்பாளரை அங்கே முதலியார் என்றுதான் சொல்வது, கண்ணம்மையிடம் கேட்டார்: குடும்பத்தில் பிணை நிற்க ஒரு ஆணும் இல்லையா?

“ஆம்பிளையள் இரிக்காங்க துரை,” என்றார் கண்ணம்மை. “ஆனா அவங்களுக்கு வீடு இல்ல. எங்கட பக்கம் வீடு உள்ளது பொம்பிளையளுக்குத்தான். துரைக்கு வீடு உள்ள ஆள் வேணுமெண்டா நான்தான்.”

முதலியார் அதை மொழிபெயர்த்தார். நீதவான், உங்கள் ஊரில் எல்லா வீடும் இப்படியா என்று கேட்டார். கண்ணம்மை ஓம் என்றார். அப்படியானால் ஊரில் சமன்ஸை யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேட்டார். கண்ணம்மை என் பக்கம் திரும்பினார்.

“இந்தத் தம்பிக்குத் தெரியும்.”

பிணை கிடைத்தது. அடுத்த தவணையில் சாமித்தம்பி குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறு தண்டத்தோடு போனார். அது பின்னால். அன்றைக்கு மறியலில் இருந்து அவர் வெளியே வர வெயில் சாய்ந்துவிட்டது. கண்ணம்மையைத் தூரத்தில் கண்டதும் நின்றுவிட்டார். அந்தப் பக்கத்தில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசும் வழக்கம் இல்லை. துறை வரைக்கும் நான் நடுவில் நடந்தேன். கண்ணம்மை தோணியில் ஏறி உட்கார்ந்தார். சாமித்தம்பி கரையில் நின்றார். ஏறலாமா, ஏறி எங்கே போவது என்பது அவருக்குத் தெரியவில்லை. தோணிக்காரர் கம்பை ஊன்றிவிட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கண்ணம்மை தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“மருமகன், ஏறுங்க. புள்ள சமைச்சுப்போட்டுப் பாத்துக்கொண்டிரிக்கு.”

அவர் ஏறினார். ஏறும்போது அழுதார், மறைக்கவும் இல்லை. நானும் கரையில் நின்று அழுதேன். தோணி நடு வாவிக்குப் போகும்வரை அங்கேயே நின்றேன்.

கதவில் அடித்தது தவறென்று கோட்டில் சொன்னதற்காகக் கந்தோரில் எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை தந்தார்கள். உத்தியோக முறைப்படி அதுவும் சரிதான். நான் ஓய்வு பெறும்வரை அந்தச் சட்டப் பிரிவில் ஒரு சொல்லும் மாறவில்லை, வயது வந்த ஆண் என்றுதான் இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் நான் முதலில் கேட்டது, இந்த வீடு யாருடையது என்பதைத்தான். ஆள் இல்லாவிட்டால் வீட்டுக்காரியின் கையில் கொடுத்தேன், வாசித்து விளங்கப்படுத்தினேன், ஒப்பமோ பெருவிரல் அடையாளமோ வாங்கினேன். றிட்டேனிலும் அப்படியே எழுதினேன்: வீட்டின் உரித்தாளரான இன்னாரிடம் கொடுத்தேன். இது சட்டத்தில் இல்லையே என்று ஒரு நீதவானாவது கேட்பார் என்று வருஷக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்குக் காரணமும் இருக்கவில்லை. அந்த ஊர் ஆட்களின் பெயரைக் கோட்டில் கூப்பிட்டபோதெல்லாம் அவர்கள் வந்து நின்றார்கள்.